219 ஆட்டம், கோல் பூஜ்யம்

சனிக்கிழமை காலை மகளின் கால்பந்து ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் அப்பாவை வீடியோவில் அழைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்தியாவில் அப்போது இரவு பத்தரை மணி. பேத்திக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். "கோல் போட்டாளா?" என்பதுதான் முதல் கேள்வி.

இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மகளோ பின் இருக்கையில், காலில் கட்டிய ஷின் கார்டைப் பிடுங்கி எறிவாள். தற்காப்பில் நிற்கவைத்ததே அவளுக்குப் பெரிய அவமானம். "ஓடத் தெரியாதவர்களைத்தான் பின்னால் நிறுத்துவார்கள் அம்மா" என்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வெளியில் சொல்லவில்லை.

2019 இலையுதிர் காலத்தில் கணவரின் வேலை எங்களை ஓரிகன் மாநிலத்துக்குக் கொண்டுவந்தது. போர்ட்லாண்டை ஒட்டிய பீவர்ட்டனில் வீடு. எனக்குக் கணவரைச் சார்ந்த விசா. வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஒன்பது ஆண்டுகள் அலுவலகம் போய் வந்தவளுக்குக் காலை பத்து மணி என்பது எவ்வளவு நீளமானது என்று அங்கேதான் தெரிந்தது. அக்டோபரில் தொடங்கும் தூறல் மே மாதம் வரை விடாது. கொட்டித் தீர்க்கிற மழையாக இருந்தாலாவது பரவாயில்லை. இது ஈரத் துணியை முகத்தில் போட்டது போன்ற மழை. வந்து ஆறே மாதத்தில் பெருந்தொற்று வந்து, இருந்த இரண்டு அறிமுகங்களும் திரைக்குள் போய்விட்டன.

2021-இல் மகளை, அப்போது அவளுக்கு எட்டு வயது, பக்கத்துப் பகுதியின் சிறுவர் அணி ஒன்றில் சேர்த்தோம். பேச ஆள் வாய்க்கும் என்பது என் சுயநலக் கணக்கு. பயிற்சியாளர் அணியில் இருந்த ஒரு சிறுமியின் அப்பா. சம்பளம் இல்லாத வேலை. மழைக்கு ஆட்டம் நிற்காது, மின்னலுக்குத்தான் நிற்கும் என்பதை முதல் வாரமே நனைந்து கற்றுக்கொண்டேன். இரண்டாவது வாரம் மடக்கு நாற்காலி வாங்கினேன். மூன்றாவது வாரம் எல்லோரும் கத்தும்போது நானும் கத்தினேன், எதற்கென்று தெரியாமலே.

அந்த நாற்காலி வரிசையில் என் அருகே உட்காரும் ஒரு பெண்மணியிடம் அந்தச் செப்டம்பரில் இரண்டு டிக்கெட் மிச்சமிருந்தது. போர்ட்லாண்ட் தார்ன்ஸ் பெண்கள் அணியின் ஆட்டம். போர்ட்லாண்டை ரோஜா நகரம் என்பார்கள். அதனால் அணிக்கு முட்கள் என்று பெயர். பீவர்ட்டனில் ரயில் ஏறினால் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக நகரத்துக்குள் போய், பிராவிடன்ஸ் பார்க் அரங்கத்தின் வாசலிலேயே இறங்கலாம். 1926-இல் திறந்த பழைய அரங்கம், நகரத்தின் நடுவில் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டி முழுக்கச் சிவப்புத் துண்டு, முகக்கவசம், ஐந்து வயது முதல் எழுபது வயது வரை ஆட்கள். பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-இல் இந்த அணியின் ஆட்டத்துக்குச் சராசரியாக 20,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். பெண்கள் ஆடுவதைக் காசு கொடுத்துப் பார்க்க இத்தனை பேர் ரயிலில் நின்றுகொண்டு போவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆட்டம் தொடங்கியதும் எல்லோரையும் போலப் பந்தின் பின்னாலேயே என் கண் ஓடியது. பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தொட்டு, "பத்து நிமிடம் பந்தை விடுங்கள். நான்காம் எண்ணை மட்டும் பாருங்கள்" என்றார்.

நான்காம் எண் பெக்கி சாவர்ப்ரன். அப்போது 36 வயது, அமெரிக்க தேசிய அணியின் தலைவி. ஒரு மாதத்துக்கு முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கித் திரும்பியிருந்தார். பார்த்தால் ஒன்றுமே செய்யாதவர் போல இருந்தார். நடப்பார். நிற்பார். தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். கையை நீட்டி ஒருத்தியை இரண்டடி இடப்பக்கம் நகர்த்துவார். பந்து எதிர்ப்பக்க மூலையில் இருக்கும்போதும் அந்தக் கை ஓயவில்லை. பிறகு எதிரணியின் வேகமான பெண் ஒருத்தி பந்தோடு நேராக அவரை நோக்கி வந்தாள். இவர் பாய்ந்து பிடுங்கவில்லை. உடம்பைப் பாதி திருப்பி, கால்களை அகட்டாமல் சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்கிக்கொண்டே போனார். கோலுக்குப் போகிற நடு வழியை மட்டும் மறைத்தார். ஓரத்தைத் திறந்து விட்டார். அந்தப் பெண்ணும் வழி கிடைத்ததென்று ஓரத்துக்கு ஓடினாள். கோட்டருகே போனதும் அவளுக்குத் திரும்ப இடமில்லை. அப்போது இவர் காலை நீட்டிப் பந்தை மெல்லத் தட்டி வெளியே விட்டார். யாரும் கைதட்டவில்லை. எதிரணிக்கு ஒரு த்ரோ, அவ்வளவுதான். மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டுகிறவர் கம்பைத் தூக்காமலே ஓட்டுவாரே, அந்த மாதிரி.

அன்று இரவு வீட்டுக்கு வந்து அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். செயின்ட் லூயிஸ்காரர். 2008-இல் தேசிய அணிக்காக முதல் ஆட்டம், சீனாவில், கனடாவுக்கு எதிராக. அதிலேயே மூக்கு உடைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அணியில் இடமே கிடைக்கவில்லை. பிறகு 2012 ஒலிம்பிக் தங்கம், 2015 உலகக் கோப்பை, 2019 உலகக் கோப்பை. தேசிய அணிக்கு அதுவரை போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. போட்ட கோல் ஒன்றுகூட இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். "நம் டிராவிட் மாதிரி, சுவர்" என்றார் உடனே. கொஞ்சம் யோசித்துவிட்டு, "டிராவிட் ரன்னாவது எடுத்தார்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முதல் 16 நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்ட கார்லி லாயிடைத்தான் ஊரே நினைவில் வைத்திருக்கிறது. அதே கோப்பையில் அந்த அணி தொடர்ந்து ஏறக்குறைய 540 நிமிடம் ஒரு கோலும் வாங்காமல் ஆடியது என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள். அந்தக் கோப்பையில் சாவர்ப்ரன் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை.

கோப்பைகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் ஊர் ஊராகப் போன பட்டியல். வர்ஜீனியாவில் படிப்பு. 2009-இல் வாஷிங்டன் அணி, நடுவில் கொஞ்ச காலம் நார்வேயில் ரோவா என்னும் அணி. 2011-இல் அணி கைமாறிப் பெயரும் மாறி புளோரிடாவுக்குப் போனது. அந்த ஆண்டு இறுதியில் அணியையே லீக் நீக்கியது. 2012-இல் லீக்கே மூடப்பட்டது. 2013-இல் புதிய லீக், கான்சாஸ் சிட்டி. அங்கே 2014, 2015 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றார்கள். 2017-இல் அந்த அணியும் கலைந்தது. பிறகு யூட்டா. 2020-இல் போர்ட்லாண்ட். அந்தப் புதிய லீக்கின் முதல் ஆண்டில் வீராங்கனைகளுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். மாதச் சம்பளம் என்று நினைத்து இரண்டு முறை படித்தேன். இவரைப் போன்ற தேசிய அணிக்காரர்களுக்குக் கால்பந்துக் கூட்டமைப்பு தனியாகச் சம்பளம் கொடுத்தது. மற்றவர்களில் பலர் முன்பின் தெரியாத குடும்பங்களின் வீட்டில் தங்கிக்கொண்டு ஆடினார்கள்.

2023 தொடக்கத்தில் இந்தப் பட்டியல் வேறு விதமாக என் தலைக்குள் வந்து உட்கார்ந்தது. கணவரின் நிறுவனம் ஒரு காலை ஏழு மணிக்கு மின்னஞ்சல் அனுப்பியது. எச்-1பி என்னும் வேலை விசாவில் வேலை போனால் 60 நாள். அதற்குள் இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நாள்காட்டியில் நான் தினமும் ஒரு கட்டத்தை அடித்தேன். எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் போவோம் என்று பேசினோம். மகள் மட்டும் கேட்டாள், "அணி கலைந்தால் சாவர்ப்ரன் என்ன செய்தார்?" வேறு ஊருக்குப் போய் ஆடினார் என்றேன். "அங்கேயும் டிபென்ஸா?" என்றாள். ஆமாம் என்றதும் ஏதோ முடிவானது போல எழுந்து போய்விட்டாள். 41-ஆம் நாள் கணவருக்கு வேலை கிடைத்தது, இதே ஊரில். அந்த 41 நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆண்கள் அணிக்கு நிகரான ஊதியம் கேட்டு அமெரிக்கப் பெண்கள் அணி 2019-இல் வழக்குப் போட்டது. 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதே ஆண்டு இரு அணிகளுக்கும் ஒரே அளவு ஊதியம் தரும் ஒப்பந்தமும் வந்தது. உலகக் கோப்பைப் பரிசுப் பணத்தைக்கூட இரு அணிகளும் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்போது வீராங்கனைகள் சங்கத்தின் தலைவர் சாவர்ப்ரன்தான். பேச்சுவார்த்தை மேசையிலும் அவர் நடுவழியை மறைத்துக்கொண்டு பொறுமையாகப் பின்வாங்கியிருப்பார் என்று நானாகக் கற்பனை செய்துகொள்வேன். அந்த ஆண்டு அக்டோபரில் தார்ன்ஸ் பட்டம் வென்றது. எதிரணி கான்சாஸ் சிட்டி, இரண்டுக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்காக எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

கால் காயத்தால் 2023 உலகக் கோப்பைக்கு அவரால் போக முடியவில்லை. ஓய்வுச் செய்தி வந்த நாள் மகளுக்குப் பள்ளி இருந்தது. மாலையில் சொன்னேன். "கடைசி வரைக்கும் பூஜ்யமா?" என்று கேட்டுவிட்டுப் பழைய சிவப்புத் துண்டைத் தேடி எடுத்தாள்.

அடுத்த வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை. இப்போது ஒன்பது பேர் ஆடும் அணி, மைதானமும் பெரிது. எதிரணியில் உயரமான ஒருத்தி எல்லோரையும் கடந்து வந்தாள். என் மகள் பாயவில்லை. பாதி திரும்பி, சின்ன அடியாகப் பின்னால் போனாள். எனக்குத் தெரிந்துவிட்டது, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓரத்துக்கு ஓட்டினாள், கோட்டருகே கொண்டுபோனாள், தட்டி வெளியே விட்டாள். யாரும் கைதட்டவில்லை. அவள் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்றவளை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

காரில் ஏறி அப்பாவை அழைத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே வந்தார்.

"எத்தனை வாங்கினீர்கள்?" என்றார்.

"ஒன்றுமில்லை தாத்தா" என்றாள் பின் இருக்கையில் இருந்து.