வருமான வரிக்கான பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆக நினைப்பவர்களுக்கு

2015 நிதிச் சட்டத்தோடு செல்வ வரி போய்விட்டது, ஆனால் அதன் பிறகும் வருமான வரிக்கான மதிப்பீட்டாளர் பதிவு 1957-ஆம் ஆண்டு செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில்தான் தொடர்ந்தது. இது தெரியாமல் பலர் ஐபிபிஐ (இந்திய நொடிப்பு, திவால் வாரியம்) தேர்வு எழுதிவிட்டு, வரி வேலைக்கும் அதுவே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அது கம்பெனிச் சட்டத்துக்கானது, வேறு பதிவு.

34ஏபி பிரிவின் பதிவுக்கு விண்ணப்பிப்பது 'என்' (N) படிவத்தில். நிலம், கட்டடம், நகை, இயந்திரம், பங்கு என ஒவ்வொன்றுக்கும் தகுதி தனித்தனி, செல்வ வரி விதிகளில் 8ஏ விதியைப் பொறுமையாகப் படியுங்கள். அனுபவச் சான்றிதழ்களை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள், பிறகு தேடி அலைவது பெரும்பாடு.

சரி, வேலை எப்படி? அப்பா காலத்து வீட்டை விற்பவர், விற்ற லாபத்துக்கான வரிக் கணக்குக்காக 1.4.2001 அன்று அதன் சந்தை மதிப்பு என்ன என்று கேட்டு வருவார். பழைய பத்திரத்தை விரித்து, டேப் பிடித்து அளந்து, மாடி எந்த வருடம் எழுப்பியது என்று வீட்டு வரி ரசீதில் பார்த்து, அப்புறம் அன்றைய வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த மதிப்பு) தேட வேண்டும், ஏனென்றால் அது கிடைத்தால் அதைத் தாண்டி நிலத்துக்கோ கட்டடத்துக்கோ மதிப்புக் காட்ட முடியாது. கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்பவர்களிடம் முடியாது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.