தீயின் பக்குவம்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் மருந்துக் கையேடு, ஒப்பந்தப் பத்திரம் என்று வயிற்றுப்பாட்டுக்கானவைதான். போன வருடம் ஒரு பதிப்பகம் ரசவாத வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைக் கொடுத்தது. சீனத் தாவோ மரபின் அகரசவாதம் ஒரு பாதி, ஐரோப்பிய ரசவாதம் மறு பாதி. சித்தர் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். சுலபமாக முடித்துவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

பாதரசத்தில் இடறினேன். ஐரோப்பிய ஏடுகளில் அதற்கு இணை கந்தகம். கந்தகம் வெப்பமும் வறட்சியுமான ஆண், பாதரசம் குளிர்ச்சியும் ஈரமுமான பெண். ஜாபிர் இப்ன் ஹய்யான் பெயரில் வழங்கும் அரபு நூல்கள் வழியாக அங்கே போன கொள்கை இது. சீனத்து அகரசவாதத்திலோ பாதரசத்துக்கு ஈயம் இணை. நான் இரண்டு பாதியிலும் 'ஆண் பெண் சேர்க்கை' என்றே எழுதிக்கொண்டு போனேன். படிக்க அழகாகத்தான் ஓடியது. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்த அம்மா பென்சிலால் வட்டமிட்டு, "இதுல எது உலையில நடக்குது, எது உடம்புல நடக்குது?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். தாவோ சாதகர் சாங் போதுவான் 1075 வாக்கில் எழுதிய 'வுஜென் பியென்' செய்யுள்களில் வரும் ஈயத்தைக் கடையில் வாங்க முடியாது. தாளில் கோடு போட்டுப் பார்த்த பிறகே பிடிபட்டது. சீனத்தில் மூன்று கோடுகளை அடுக்கி எழுதும் குறிகள் உண்டு. நீரைக் குறிக்கும் 'கான்' குறியில் மேலும் கீழும் உடைந்த கோடுகள், நடுவில் முழுக்கோடு. உடைந்த கோடு யின் என்ற பெண்மை, முழுக்கோடு யாங் என்ற ஆண்மை. யின்னுக்குள் ஒளிந்திருக்கும் அந்த யாங்தான் 'மெய்யீயம்'. நெருப்பின் குறியான 'லீ' இதற்கு நேர்மாறு. அதன் நடுவில் உடைந்து கிடப்பது 'மெய்ரசம்'. நீரின் நடுக்கோட்டை எடுத்து நெருப்பின் நடுவில் வைத்தால் மூன்றும் முழுக்கோடுகளாகி, வானத்தின் குறி வந்துவிடுகிறது. உலை தொப்புளுக்குக் கீழே இருக்கிறது. மூச்சும் கவனமுமே தீ. ரப்பரால் ஒரு கோட்டை அழித்து இன்னொன்றை இட்டபோது எனக்குக் கை லேசாக நடுங்கியது.

ஐரோப்பியப் பாதியை இப்படி உடம்புக்குள் இழுத்துவிட முடியாது. சீனவியல் அறிஞர் ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1928இல் அனுப்பிய சீனப் 'பொன்மலர்' ஏட்டைப் படித்த பிறகுதான் ரசவாதம் தமக்குத் துலங்கத் தொடங்கியது என்று உளவியலாளர் யுங் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டையும் மனத்தின் பயணமாகக் கண்டார். எனக்குப் பிடித்த பார்வைதான், ஆனால் அது போதாது. லாரன்ஸ் பிரின்சிபே என்ற வேதியியல் அறிஞர் 17ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளின்படி தங்கத்தையும் பக்குவப்படுத்திய பாதரசத்தையும் மூடிய குடுவையில் வைத்துச் சூடாக்கினார். உள்ளே மரம்போலக் கிளைவிட்டு வளர்ந்தது. அந்தக் கைவேலையை வெறும் உருவகம் என்று எப்படி எழுதுவது?

இரண்டும் உண்மையில் தொட்டுக்கொள்ளும் இடம் தீ. ஐரோப்பியர்கள் சூட்டை நீர், சாம்பல், மணல், நேர்த்தழல் என்று படிப்படியாக ஏற்றினார்கள். நீர்ச்சூட்டுக்கு இன்றும் மரியா என்ற பழைய ரசவாதப் பெண்மணியின் பெயர் நிலைத்திருக்கிறது. சீனத்தில் மெல்ல எரியும் 'வென் ஹுவோ', மூர்க்கமாக எரியும் 'வு ஹுவோ' என்று இரண்டு தீ. சமையல் குறிப்புகளில் இன்றும் புழங்கும் சொற்கள். தீ தப்பினால் எல்லாம் பாழ் என்பதில் இரு மரபுக்கும் ஒரே பயம்.

இந்தத் தீ முறையை முதலில் 'வெப்பநிலைக் கட்டங்கள்' என்று எழுதியிருந்தேன். உயிரே இல்லை. சித்த மருத்துவத்தில் தீயின் அளவைச் சொல்லும் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி நாக்கு நுனியில் நின்றன. போட்டால் சீனத்துச் சாதகர் பொதிகை மலைக்கு வந்துவிடுவார் என்று அடித்துவிட்டேன். கடைசியில் 'தீயின் பக்குவம்' நின்றது.

'வென் ஹுவோ' இளந்தீ ஆனது. 'வு' என்பதில் போர்வீரன் இருக்கிறான். 'பெருந்தீ' என்றால் அவன் காணாமல் போகிறான். 'மறத்தீ' என்று வைத்தேன். இரண்டாம் மெய்ப்பில் அதைச் சுற்றியும் பென்சில் வட்டம் வந்தது. இந்த முறை அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதிப் பதில் அனுப்பினேன்.