எதிரியிடமிருந்து 25 கஜம்

ஜூலை 30

நாளை தொடங்கி ஆகஸ்ட் 4 வரை எனக்கு நோயல் சவாஸின் நாட்கள். 1917இல் இதே தேதிகளில்தான் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு வெளியே, மழையிலும் சேற்றிலும், அவருடைய கடைசி வேலை நடந்தது. இறந்தபோது வயது 32. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை முதல் உலகப் போரில் இரண்டு முறை பெற்றவர் அவர் ஒருவர்தான். அதுவும் யாரையும் சுட்டுப் பெற்றதல்ல. அவர் பட்டாளத்து மருத்துவர்.

அப்பா பிரான்சிஸ் சவாஸ், லிவர்பூல் பேராயர். நோயலும் கிறிஸ்டோபரும் இரட்டையர், 1884 நவம்பர் 9இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இருவரும் 400 மீட்டர் ஓடினார்கள். ஜெபமும் வேதவாசிப்பும் நிறைந்த வீடு. மருத்துவ மிஷனரியாகப் போகலாமா என்ற யோசனையும் நோயலுக்கு இருந்தது. அதற்குள் போர் வந்துவிட்டது. 'லிவர்பூல் ஸ்காட்டிஷ்' படைப்பிரிவோடு 1914 நவம்பரில் போர்முனைக்குப் போனார். கிறிஸ்டோபர் ராணுவப் போதகராக (சாப்ளின்) போனார்.

ஜூலை 31

இன்று 1916 ஆகஸ்டுக்குப் போகிறேன். பிரான்ஸில், சோம் போர்முனையில், கில்மோன் என்ற கிராமம். முதல் விக்டோரியா கிராஸுக்கான அரசிதழ் அறிவிப்பை மறுபடி வாசித்தேன். அலங்காரம் எதுவும் இல்லாத ராணுவ நடை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் நிற்க வேண்டியிருக்கிறது.

பகல் முழுக்க வெட்டவெளியில், எதிரியின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டார். அன்று இரவு நான்கு மணி நேரம் எதிரி வரிசைக்கு முன்னால் ஆட்களைத் தேடினார். மறுநாள் ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர்காரரோடு முன்வரிசைப் பதுங்குகுழிக்குப் போய், உயிருக்குப் போராடிய ஒருவரை 500 கஜம் தூக்கி வந்தார். வழியில் ஷெல் சிதறல் விலாவில் பட்டது. அன்றிரவே தன்னார்வலர்கள் 20 பேரோடு திரும்பவும் போனார். எதிரியின் பதுங்குகுழியிலிருந்து 25 கஜம் தள்ளி, குண்டு விழுந்த பள்ளம் ஒன்றில் கிடந்த மூன்று பேரை மீட்டார்.

25 கஜம் என்றால், கிரிக்கெட் ஆடுகளத்தைவிட மூன்றே கஜம் அதிகம். அந்தத் தூரத்தில் இருட்டில் ஒருவன் முனகினாலே எதிர்ப்பக்கம் கேட்கும்.

ஆகஸ்ட் 1

அந்த அறிவிப்பில் இன்னொரு வரி இருக்கிறது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு அதிகாரிகளின் உடல்களை அங்கேயே புதைத்தார், நிறைய அடையாள வில்லைகளைச் சேகரித்தார். அப்போதும் அவர்கள்மேல் கையெறி குண்டும் இயந்திரத் துப்பாக்கியும் பாய்ந்துகொண்டிருந்தன.

உயிரோடிருப்பவரைக் காப்பாற்றப் போவது மருத்துவரின் கடமை என்று சொல்லிவிடலாம். செத்தவரிடம் மருத்துவருக்கு என்ன வேலை? பிரிட்டிஷ் வீரர்களின் கழுத்தில் கிடந்தது ஒரு சின்ன வட்ட வில்லை. அதில் பெயர், எண், படைப்பிரிவு, அப்புறம் அவர் சார்ந்த சபை. ஆளுக்கு இரண்டு வில்லை என்ற முறை 1916 செப்டம்பரில்தான் வந்தது, கில்மோனில் ஒன்றுதான். அது கைக்கு வந்தால்தான் ஊரில் இருக்கும் தாய்க்கு உறுதியான தகவல் போகும். வராவிட்டால் 'காணவில்லை'. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வீடுகளில் வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

நோயலின் பக்தி எங்கே தெரிகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன். இனி எந்த மருந்தும் உதவாத ஒருவனுடைய கழுத்துக் கயிற்றை, சுடுகிறவனுக்கு முன்னால் குனிந்து, அறுத்தெடுக்கிறார். அவன் பெயர் தெய்வ சந்நிதியில் மட்டுமல்ல, அவன் அம்மாவின் சந்நிதியிலும் சொல்லப்பட வேண்டும் என்று நினைத்தவரால்தான் அது முடியும். நானும் ஜெபிக்கிறவன்தான். இதைப் போல ஒரு ஜெபத்தை நான் வாசித்ததில்லை.

ஆகஸ்ட் 2

எழுதச் சிரமமான நாள்.

சவாஸ் வீட்டுத் தம்பி எய்டனும் காலாட்படையில் இருந்தார். 1917 ஜூலைத் தொடக்கத்தில், ஈப்பருக்கு அருகில், இரவு ரோந்து போனவர் திரும்பவில்லை. தேடிப் போனார்கள், கிடைக்கவில்லை. ஊரார் பிள்ளைகளின் வில்லைகளைப் பொறுக்கி எடுத்தவரின் சொந்தத் தம்பி 'காணவில்லை' ஆகிவிட்டார். அதே முனையில்தான் அண்ணனும் இருந்தார்.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 31 அன்று பெரும் தாக்குதல் தொடங்கியது. அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. வீல்ட்யே என்ற இடத்துக்குப் பக்கத்தில், ஜெர்மானியரிடமிருந்து பிடித்த நிலவறை ஒன்றில் நோயல் முதலுதவி நிலையம் போட்டிருந்தார். ஆரம்பத்திலேயே ஒரு காயக்காரரைச் சுமந்து போகும்போது தலையில் அடிபட்டது. பின்னால் போகச் சொன்னார்கள், போகவில்லை. இரண்டு நாள், சரியான சாப்பாடு இல்லாமல், மயக்கம் வரும் நிலையிலும் திரும்பத் திரும்ப வெளியே போய், சேற்றில் கிடந்தவர்களைத் தூக்கி வர உதவினார். இரண்டாவது விக்டோரியா கிராஸ் இதற்குத்தான்.

தம்பியை நினைத்துத்தான் போனார் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. கில்மோனில் எய்டன் உயிரோடுதான் இருந்தார். அப்போதும் நோயல் இப்படித்தான் போனார். இழப்பு வந்த பிறகும் அவர் வேலை மாறவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோபம் வந்திருக்கலாம், விசுவாசம் ஆட்டம் கண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

ஆகஸ்ட் 2 அதிகாலை ஒரு ஷெல் அந்த நிலவறைக்குள்ளேயே விழுந்தது. வயிற்றில் பலத்த காயம். தானே ஊர்ந்து வெளியே வந்து உதவி தேடினார்.

ஆகஸ்ட் 4

பிராண்ட்ஹூக் மருத்துவ முகாமில் அறுவை சிகிச்சை நடந்தது. அங்கிருந்துதான், தான் மணக்கவிருந்த கிளாடிஸுக்குச் செவிலியர் மூலம் கடைசிச் சேதி அனுப்பினார். கடமை அழைத்தது, அதற்குக் கீழ்ப்படிய வேண்டியிருந்தது என்பதுதான் சாரம். ஆகஸ்ட் 4 அன்று காலமானார்.

கிளாடிஸைப் பற்றி இன்று நிறைய நினைத்தேன். திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்படிந்தவர் போய்ச் சேர்ந்தார். அதன் விலையில் பாதியைக் கொடுத்தது இவர்.

ஆகஸ்ட் 5

பிராண்ட்ஹூக் புதிய ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் நோயலின் கல் இருக்கிறது. அதில் இரண்டு விக்டோரியா கிராஸ் செதுக்கியிருக்கிறார்கள். கீழே யோவான் 15:13: "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை." போர்க் கல்லறைகளில் அடிக்கடி பார்க்கும் வசனம்தான். இங்கே அது அப்படியே பொருந்தி நிற்கிறது.

எய்டனுக்குக் கல் இல்லை. கிடைக்காமல் போன 54,000க்கும் அதிகமானவர்களோடு ஈப்பரின் மெனின் வாயில் என்ற போர் நினைவுச்சின்னத்தில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் போகிறவர்கள் அண்ணனின் பதக்கக் கல்லைப் பார்த்த கையோடு திரும்பிவிட வேண்டாம். மெனின் வாயிலுக்கும் போய், கிங்ஸ் லிவர்பூல் படைப்பிரிவின் பட்டியலில் தம்பியையும் தேடிப் பாருங்கள். தேட நேரம் பிடிக்கும், பரவாயில்லை.