மழைக்காலத்தில் ஆர்.ஓ.: மெம்பிரேனுக்கு முன்னால் நடக்கும் வேலை

மலையக வைத்தியசாலையொன்றின் டயலிசிஸ் பிரிவுக்கான ஆர்.ஓ. இயந்திரம்: தண்ணீரை அழுத்தி, மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வின் வழியாகச் சுத்திகரிப்பது. தண்ணீர் நகரக் குழாயிலிருந்து. அதன் மூலம் மலை ஓடை.

ஜூன் 3, செவ்வாய்

இரவு முழுக்க மழை. குழாய்த் தண்ணீர் சிவந்து வருகிறது. மெம்பிரேனுக்கு முன்னால் துகளைப் பிடிக்கும் 5 மைக்ரோன் வடிகட்டிக் கார்ட்ரிட்ஜின் முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் 0.2 பாரிலிருந்து 0.8க்கு ஏறிவிட்டது. 1 பாரைத் தொடும்வரை காத்திருக்காமல் மாற்றியாயிற்று.

கழற்றிய கார்ட்ரிட்ஜை எறியுமுன் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். செம்பழுப்பு என்றால் மண் அல்லது இரும்பு. கறுப்புத் தூள் என்றால், குளோரினை நீக்கும் காபன் தாங்கி சரியாகக் கழுவப்படவில்லை. விரலில் வழுக்கினால் பக்டீரியாப் படலம். இன்றையது செம்பழுப்பு, அதுவும் நடுக்குழல் வரை போயிருக்கிறது. அப்படியானால் நுண்துகள் மெம்பிரேனுக்கும் போயிருக்கும்.

ஜூன் 4, புதன்

எஸ்.டி.ஐ. சோதனை: நுண்துகள் மெம்பிரேனை எவ்வளவு அடைக்கக்கூடும் என்று காட்டும் எண். கலங்கல்மானி 0.5 என்.டி.யு. (கலங்கல் அலகு) காட்டினாலும் அதை நம்பி இருந்துவிட முடியாது. மெம்பிரேனை அடைக்கும் கூழ்மத் துகள் அதற்கு அவ்வளவாகத் தென்படாது.

கார்ட்ரிட்ஜுக்குப் பிந்திய குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, 47 மில்லிமீற்றர் வட்டமான 0.45 மைக்ரோன் வடிதாளைப் பிடிப்பானில் வைத்து, அழுத்தத்தை 2.1 பாரில் நிறுத்த வேண்டும். முதல் 500 மில்லிலீற்றர் நிரம்ப 28 விநாடி. தண்ணீரை மூடாமல் ஓடவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் 500 மில்லிலீற்றர்: 64 விநாடி. 28ஐ 64ஆல் வகுத்து 1இலிருந்து கழித்தால் 0.5625, அதை 100ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால் 3.75. 5க்கு மேல் போகவே கூடாது, 3க்குள் இருந்தால்தான் நிம்மதி.

தாளையும் வைத்திருங்கள். அதன்மேல் ஒரு சொட்டு ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு நிறம் கரைந்தால் இரும்பு. கரையாவிட்டால் களிமண் அல்லது சேதனப் பொருள்.

ஜூன் 6, வெள்ளி

இன்றைய தாளில் பழுப்பு குறைவு. வெண்சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். சந்தேகம், கலங்கலைத் திரட்டித் தெளியவைக்கக் குழாய்த் தண்ணீரில் சேர்க்கும் படிகாரத்தின் மேல்.

மலை ஓடை நீரில் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறன், மிகக் குறைவு. 1 மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். லீற்றருக்கு 15 மில்லிகிராம் மட்டுமே இருக்கும் நீரில், கலங்கலைக் கண்டு 30 மில்லிகிராம் படிகாரம் கொட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை. பீ.எச். சரிகிறது, அலுமினியம் திரளாமல் கரைந்தபடியே மணல் வடிகட்டியைக் கடக்கிறது, பிறகு பீ.எச். ஏறும் இடத்தில் படிகிறது. குளிர்நீரில் திரள் உருவாகவும் நேரம் பிடிக்கும். மருந்து, படிகாரத்தைக் கூட்டுவதல்ல. முதலில் நீறிய சுண்ணாம்பு, 1 மில்லிகிராம் படிகாரத்துக்கு 0.4 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைய.

வட இலங்கையின் தாளையடி போன்ற, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கடல்நீரின் பீ.எச். 8ஐ ஒட்டியது, காரத்தன்மை 115க்கு மேல். பொதுவாகக் கடல்நீருக்குப் படிகாரத்தைவிட பெரிக் குளோரைட் என்ற இரும்பு உப்பையே விரும்புவார்கள். இரும்பு கரைந்து மெம்பிரேன்வரை போவது குறைவு. அவர்களுடைய தலைவலி பாசியும் உயிர்ப்படலமும்.

நமக்கு அலுமினியம் அடைப்பு மட்டுமல்ல, நோயாளியின் மூளையையும் எலும்பையும் பாதிப்பது. டயலிசிஸ் நீரில் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம்.

ஜூன் 8, ஞாயிறு

உற்பத்தி குறைகிறது, மெம்பிரேனைக் கழுவலாமா என்ற கேள்வி. முதலில் வெப்பமானியைப் பாருங்கள். தகட்டில் எழுதிய அளவு 25 பாகைக்கு உரியது. ஒரு பாகை குறைய உற்பத்தி ஏறத்தாழ 3 சதவீதம் விழும். மணிக்கு 1,000 லீற்றர் என்று எழுதிய இயந்திரம் 15 பாகையில் 700 முதல் 750 லீற்றர்தான் தரும், அடைப்பு ஒன்றுமில்லாமலே. கொழும்பிலிருந்து வரும் கையேட்டை வைத்து இங்கே மெம்பிரேன் கழுவுகிறவர்கள் பாதிப்பேர் குளிரைத்தான் கழுவுகிறார்கள்.

வெப்பத் திருத்தத்துக்குப் பிறகும் 10 சதவீதம் குறைந்தால், அல்லது அழுத்த வித்தியாசம் 15 சதவீதம் கூடினால், கழுவலாம். இங்கே இரண்டும் தாண்டிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

சிகிச்சை இல்லாத நாள். படிவு உலோகம் என்பதால் 2 சதவீத சிற்றிக் அமிலம்: 100 லீற்றர் ஆர்.ஓ. நீருக்கு 2 கிலோ. குறைந்த அழுத்தத்தில் சுற்றவிட்டு, முதலில் திரும்பிவரும் அழுக்குநீரைத் தாங்கிக்குள் விடாமல் வெளியேற்ற வேண்டும். அரை மணி சுற்று, ஒரு மணி ஊறல், மீண்டும் சுற்று. வழுக்கும் படலமாக இருந்திருந்தால் காரக் கழுவல் முதலில். அமிலத்தை முந்தவிட்டால் சேதனப் படிவு இறுகிவிடும். வெளிநீரின் பீ.எச்.சும் மின்கடத்துதிறனும் பழைய நிலைக்கு வரும்வரை அலசாமல் நோயாளிக்கு இணைக்கக் கூடாது.

காபன் தாங்கிகளையும் பேக்வாஷ் (எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவல்) செய்தாயிற்று. நிமிடத்துக்கு 20 லீற்றர் உள்நீர், காபனுடன் மொத்தம் 10 நிமிடத் தொடுகை: ஆகவே 200 லீற்றர் காபன், இரு தாங்கியில் பாதிபாதி. கணக்கு உள்நீருக்கு, உற்பத்திக்கு அல்ல. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குவது. மாதிரி எடுப்பது இரு தாங்கிக்கும் நடுவில். மொத்தக் குளோரின் லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் தாங்கி முடிந்தது. இரண்டாவது காப்பாற்றும் என்று ஓட்டக் கூடாது; குளோரின் தின்ற பொலியமைட் மெம்பிரேன் திரும்பி வராது, குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) நோயாளியின் சிவப்பணுவை உடைக்கும்.

ஜூன் 13, வெள்ளி

எஸ்.டி.ஐ. 2.6. கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது நூல் சுற்றியது வேண்டாம், இழை விடுகிறது. உருக்கி ஊதிய பொலிப்ரொப்பிலீன் கேட்க வேண்டும். மழை விடும்வரை மணல் வடிகட்டிக்குத் தினமும் பேக்வாஷ், சிகிச்சை முடிந்த பிறகு.