டொப்ளரில் சத்தம் கேட்கவில்லை என்று அழுகிற தங்கச்சிமாருக்கு

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னிப் பக்கம் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி என்ற செய்தி வெளிநாட்டுக்குப் போனால், கொஞ்ச நாளில் அங்கிருந்து ஒரு பெட்டி வந்து சேர்கிறது. உடுப்பு, சொக்லேட், விற்றமின் குளிசை, அவற்றுக்கு இடையில் இந்த டொப்ளர். கைக்குள் அடங்குகிற ஒரு மெஷின், சுருள் வயரில் தொங்குகிற சின்ன மைக் மாதிரி ஒன்று, ஒரு போத்தல் ஜெல். வயிற்றில் வைத்தால் பிள்ளையின் இதயம் அடிப்பது கேட்கும் என்று பெட்டியில் படம் போட்டிருக்கும். அனுப்புகிறவர்கள் பாசத்தில்தான் அனுப்புகிறார்கள். எனக்கு அனுப்பியது கனடாவில் இருக்கிற என் அக்கா.

அது வந்தபோது எனக்கு ஒன்பதாம் கிழமை. அதற்கு முந்தியது எனக்குத் தங்கவில்லை. இரத்தம் படவில்லை, வலியும் இல்லை, வழக்கமான ஸ்கானுக்குத்தான் போனேன், டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு கன நேரம் பேசாமல் இருந்தார். அப்படி ஒன்றைக் கடந்து வந்தவளுக்கு அடுத்த முறை வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு இரவும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கும். ஆகவே இந்த மெஷினைக் கேட்டு வாங்குகிற எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் கையில் எடுத்தால் நிம்மதிக்குப் பதிலாக வேறு ஏதோ வந்து சேரும். சமீபத்தில் ஒரு தங்கச்சி, பத்தாம் கிழமை, சத்தம் கேட்கவில்லை என்று இரவு முழுக்க அழுதிருக்கிறாள். காலையில் ஸ்கானில் பிள்ளை நல்ல சுகமாக இருந்தது. அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வயிற்றுக்குள் இதயம் துடிக்கத் தொடங்குவது ஏறக்குறைய ஆறாம் கிழமையில். அதை ஆஸ்பத்திரி ஸ்கான் மெஷினால் பார்க்க முடியும், அதுவும் அந்த நேரத்தில் உள்வழியாகச் செய்கிற ஸ்கானில்தான் தெளிவாகத் தெரியும். வீட்டு டொப்ளரால் முடியாது. ஒன்பதாம் கிழமையில் பிள்ளையின் நீளம் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே. கருப்பையோ இன்னும் இடுப்பெலும்புக்குள் மறைந்து கிடக்கிறது. பன்னிரண்டாம் கிழமை அளவில்தான் அது எலும்பின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. கருப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தால், நச்சுக்கொடி (பிளசென்ரா) முன்பக்கம் ஒட்டியிருந்தால், வயிற்றில் கொஞ்சம் கொழுப்பு கூடினால், பிள்ளை முதுகைக் காட்டாமல் திரும்பிப் படுத்திருந்தால், பதினான்கு, பதினாறு கிழமை வரையும் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். பெட்டியில் ஒன்பது கிழமை, பத்துக் கிழமை என்று அச்சடித்திருப்பதை நம்பி அதை ஒரு பரீட்சை மாதிரி எடுக்காதீர்கள்.

எங்கள் மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெட்டியை அப்படியே எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு கிழமை முடியும்வரைக்கும் இதை அலுமாரிக்குள்ள வை தங்கச்சி. இப்ப வைச்சா உனக்குக் கேக்கிறது உன்ர இரத்த ஓட்டம்தான்" என்றார்.

அவர் சொன்ன இந்த ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. டொப்ளர் பிள்ளையின் இதயத்தைத் தேடிப்போய்க் கேட்கிற கருவி இல்லை. அது ஒலியலையை உள்ளே அனுப்புகிறது, எது அசைகிறதோ அதில் பட்டுத் திரும்பி வருகிற அலையின் மாற்றத்தைச் சத்தமாக்குகிறது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த டொப்ளர் என்ற விஞ்ஞானி 1842-இல் சொன்ன தத்துவம். அசைவது பிள்ளையின் இதயமாக இருக்கலாம், தாயின் கருப்பைக்குப் போகிற இரத்தக் குழாயாக இருக்கலாம், நச்சுக்கொடியில் ஓடுகிற இரத்தமாக இருக்கலாம், குடலாகவும் இருக்கலாம். மெஷினுக்கு எல்லாம் ஒன்றுதான்.

சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறது. தாயுடைய இரத்த ஓட்டம் உஸ்... உஸ்... என்று ஆறுதலாக இழுத்து வரும். பிள்ளையின் இதயம் அப்படி இல்லை, தூரத்து வயலில் வாட்டர் பம்ப் ஓடுகிற மாதிரி மூச்சு விடாமல் டக்டக்டக் என்று ஓடும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை, ஒன்பது பத்தாம் கிழமைகளில் அதைவிடக் கூடவும் இருக்கும். ஆனால் காதை மட்டும் நம்பக் கூடாது. மிட்வைஃப் அக்கா எனக்குக் காட்டித் தந்தது இதுதான்: ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் நாடியை யாரையாவது பிடிக்கச் சொல்ல வேண்டும். நாடியும் சத்தமும் ஒன்றாக அடித்தால் அது நீங்கள்தான், பிள்ளை இல்லை. பயத்தில் இருக்கிற தாய்க்கு நாடி நிமிடத்துக்கு 120 வரை கூட ஏறும், அந்த நேரம் உங்களுடைய துடிப்பையே பிள்ளையுடையது என்று நினைப்பது சுலபம். திரையில் வருகிற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில மெஷின்கள் தாயின் 70-ஐ இரட்டிப்பாக எண்ணி 140 என்று காட்டிவிடும். போனில் இலவசமாக இறக்குகிற செயலிகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை, போனின் மைக்கில் ஒலியலை அனுப்புகிற ஒன்றும் கிடையாது.

இது வரைக்கும் சொன்னது சத்தம் கேட்காவிட்டால் வருகிற பயத்தைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய பயம், சத்தம் கேட்டுவிட்டது என்று ஆறுதலடைகிறவர்களைப் பற்றி.

2009-இல் பிரித்தானிய மருத்துவ இதழான பி.எம்.ஜே.யில் ஒரு தாயின் கதை வெளிவந்தது. நிறைமாதம், முப்பத்தெட்டுக் கிழமை. பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டது. வீட்டில் டொப்ளர் இருந்தது, வைத்துப் பார்த்தார், துடிப்புக் கேட்டது, ஆகவே பேசாமல் இருந்துவிட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை உயிரோடு இல்லை. அவர் கேட்டது தன்னுடைய துடிப்பாகவோ நச்சுக்கொடியின் சத்தமாகவோ இருந்திருக்கலாம் என்றுதான் அந்த வைத்தியர்கள் எழுதினார்கள். சரி, பிள்ளையின் துடிப்பைத்தான் கேட்டிருந்தாலும் என்ன? இதயம் இந்த நிமிடம் அடிக்கிறது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. களைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் இதயமும் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2014 டிசம்பரில் இந்த மெஷின்களை வீட்டில் வைத்துப் பாவிக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஒலியலை உடற்திசுவைக் கொஞ்சம் சூடாக்கக்கூடியது, பயிற்சி இல்லாதவர் நெடுநேரம் தேடித் தேடி வைத்துக்கொண்டிருப்பது தேவையில்லாதது என்பது அவர்களின் வாதம். இதனால் பிள்ளைக்குக் கேடு வந்ததாக நிரூபணம் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் வைத்தியர் ஒரு நிமிடம் வைப்பதும் நாங்கள் அரைமணித்தியாலம் வயிறு முழுக்க உருட்டுவதும் ஒன்றில்லை.

இப்போது எங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். துணுக்காய், மல்லாவிப் பக்கத்திலோ, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிற ஒரு கிராமத்திலோ, மாரி மழை, குளத்து வான் பாய்ந்து றோட்டில் தண்ணீர், இரவில் யானை வருகிற பாதை, மனிசன் வயலில் காவல், வீட்டில் மாமியும் நீங்களும் மட்டும். கொஞ்சம் இரத்தம் கண்டுவிட்டது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதா, விடியட்டும் என்று இருப்பதா? அந்த நேரத்தில் மேசையில் டொப்ளர் இருந்தால் கை தானாகவே அதற்குத்தான் போகும். சத்தம் கேட்டால் "ஓம், பிள்ளை இருக்குது" என்று படுத்துவிடுவோம். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிற நகரத்துப் பெண் பிழையாக ஆறுதலடைந்தால் ஒரு மணித்தியாலம்தான் பிந்துவாள். நாங்கள் பிந்தினால் ஒரு இரவே போய்விடும். ஆகவேதான் இந்த மெஷின் வன்னியில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன், அதே காரணத்தால்தான் இங்கே அது கூடுதலாகத் தேவைப்படுவது போலவும் தோன்றுகிறது.

முதல் மூன்று மாதத்தில் ஆபத்தைச் சொல்வது உங்கள் உடம்புதான். இரத்தம் படுவது, அடிவயிறு பிடித்து இழுப்பது, காய்ச்சல், எதையும் வயிற்றில் வைத்திருக்க முடியாத சத்தி. எல்லாவற்றையும்விட ஒரு பக்கமாகக் குத்துகிற வலி, தலைச்சுற்று, தோள்மூட்டு நுனியில் நோவு. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் இப்படி வரும், குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. அந்த நிலைமையில் டொப்ளரை எடுத்து நேரம் போக்குவதைப் போல ஒரு கொடுமை இல்லை. இவற்றில் ஒன்று வந்தால் மெஷினைத் தொடாமல் 1990 என்ற நம்பருக்குப் போன் அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018-இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, ஒரு சதமும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தங்காமல் போகின்றன, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள். ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) வந்த கோளாறு, தாய் தண்ணீர் தூக்கியதோ, பஸ்ஸில் போனதோ, பப்பாசிப்பழம் தின்றதோ இல்லை. நாள்முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தாலும் அதை நிறுத்த முடியாது. எனக்கு முதல் தடவை நடந்ததை ஒரு டொப்ளர் தடுத்திருக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கன நாள் சென்றது, புரிந்த பிறகு இரண்டாம் முறை என்னால் நித்திரை கொள்ள முடிந்தது.

அம்மா 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அக்காவை வயிற்றில் வைத்துக்கொண்டு கிளாலிக் கடல் கடந்து இங்கே வந்தவர். மரத்தடியில் இருந்துதான் கிளினிக் நாளுக்குக் காத்திருந்தாராம். அங்கே இருந்த மருத்துவிச்சி ஒரு குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்திக் கேட்டிருக்கிறார். பினார்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1895-இல் செய்த அந்தக் குழலில் பதினெட்டு, இருபது கிழமைக்குப் பிறகுதான் துடிப்புக் கேட்கும். அதுவரை அம்மாவிடம் ஒன்றுமே இல்லை. "பயம் இல்லையா அம்மா?" என்று கேட்டேன். "பயமில்லாமலோ? ஆனா அவ சொல்லுறதை நம்பினன்" என்றார். பழையது எல்லாம் நல்லது என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை, அந்த நாட்களில் எத்தனை தாய்மாரையும் பிள்ளைகளையும் இழந்தோம் என்று அம்மாவே சொல்வார். நான் கவனித்தது வேறு. கேட்டவர் இன்னொருவர், என்ன கேட்டது என்று தெரிந்தவர், அடுத்து என்ன செய்வது என்றும் தெரிந்தவர்.

எனக்குப் பதின்மூன்றாம் கிழமை கழிந்து கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா டொப்ளர் வைத்தார். எலும்புக்குச் சற்று மேலே வைத்து, கீழ்நோக்கிச் சாய்த்து, மெதுவாக, ஒரே இடத்தில் நின்று நின்று. இத்தனை வருட அனுபவம் உள்ள அவருக்கே கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதைப் பார்த்த பிறகு அந்தத் தங்கச்சி தனியே இருட்டில் படுத்துக்கொண்டு தேடியதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. கேட்க ஆசையாக இருந்தால் கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள், "மிஸ், ஒருக்காக் கேட்க ஏலுமோ" என்று. வெட்கப்பட ஒன்றும் இல்லை. எட்டுக் கிழமைக்கு முந்தியே பதிந்துவிடுங்கள், அப்போதுதான் நேரத்துக்கு ஸ்கான் கிடைக்கும், ஃபோலிக் அசிட் குளிசையும் கிடைக்கும். பிள்ளையின் அசைவு தெரியத் தொடங்கிய பிறகு, முதல் பிள்ளை என்றால் பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபது கிழமைக்குள், அந்த அசைவுதான் உங்கள் மெஷின். பிந்திய மாதங்களில் அது குறைந்தால் துடிப்புக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

கடைசியாக வெளிநாட்டில் இருக்கிற அக்காமாருக்கும் அண்ணாமாருக்கும். உங்கள் பாசம் எங்களுக்குத் தெரியும். அந்த மெஷினுக்குச் செலவழிக்கிற காசை ஸ்கானுக்குப் போய்வர ஓட்டோக் காசாக அனுப்புங்கள். இரவில் அவள் பயந்து போன் எடுத்தால், உங்களுக்கு வேலை நேரமாக இருந்தாலும் எடுத்துக் கதையுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே அவளுக்குச் சொல்லுங்கள்: பதினான்கு கிழமைக்கு முன் சத்தம் கேட்காததற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, இரத்தமோ வலியோ வந்தால் சத்தம் கேட்டதற்கும் அர்த்தம் இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.