ஒரே போர்டில் திரை, கேமரா, வைஃபை

திரை, கேமரா, வைஃபை மூன்றையும் தனித்தனி டெமோவாக ஓட்டுவது சுலபம். ஒன்றாக ஓட விட்டால்தான் மெமரிக்கும் நேரத்துக்கும் பங்காளிச் சண்டை தொடங்குகிறது. கேமரா படத்தைத் திரையிலும், வைஃபை வழியே உலாவியிலும் சேர்த்துக் காட்டுவதுதான் என் நோக்கம். என்னிடம் இருப்பது இஎஸ்பி32-எஸ்3 போர்டு, வைஃபை உள்ள சின்னக் கணினிச் சிப் பொருத்தியது. 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர் (கணக்கிடும் பகுதி), சிப்புக்குள் 512 கிலோபைட் மெமரி, வெளியே பிஎஸ்ராம் என்ற கூடுதல் மெமரி 8 மெகாபைட். கூடவே ஓவி2640 கேமரா, ஐஎல்ஐ9341 சிப் வைத்த 320×240 திரை.

திரையில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். முழுத்திரைக்கு 1,53,600 பைட். திரைக்குத் தரவு போகும் எஸ்பிஐ கம்பிகளை 40 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரு பிரேமை, அதாவது ஒரு முழுப் படத்தை, அனுப்பவே 31 மில்லிசெகண்ட் ஆகிவிடும். எவ்வளவு சாமர்த்தியமாக நிரல் எழுதினாலும் முழுத்திரையை நொடிக்கு 32 தடவைக்கு மேல் மாற்ற வழியில்லை. அதனால் மாறுகிற பகுதியை மட்டும் வரைவது என்று முடிவு செய்தேன்.

வைஃபை கிடைத்ததும் திரையில் ‘இணைந்தது’ என்று காட்ட ஆசை. நான் பயன்படுத்திய திரை லைப்ரரி (தயார் நிரல் தொகுப்பு) எழுத்துகளை யூனிகோடு வரிசைப்படியே அச்சிடும். ‘ணை’யில் ஐகாரக் குறி ண-வுக்கு முன்னால் வர வேண்டும், அது பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ‘து’ இன்னும் மோசம்: த தனி, உகரக் குறி தனி. எழுத்தைக் கோக்கும் முழு இயந்திரத்தையும் போர்டில் ஏற்றுவது இந்த வேலைக்கு வீண். தேவையான சொற்களைக் கணினியிலேயே கறுப்பு வெள்ளைப் படமாக்கி நிரலுக்குள் வைத்துவிட்டேன். 200×40 அளவுள்ள ஒரு சொல்லுக்கு வெறும் 1,000 பைட். நாலைந்து சொற்களுக்கு இது தாராளம்.

கேமராவை முதலில் 320×240-இல், சுருக்காத பிக்சலாகவே எடுத்தேன். ஒரு பிக்சலின் இரண்டு பைட்டில் எது முன்னால் என்பதில் கேமரா தருகிற வரிசையும் திரை கேட்கிற வரிசையும் ஒன்றே என்பதால் வாங்கி அப்படியே தள்ளினால் போதும், படம் வந்துவிடுகிறது.

வைஃபை சேர்ந்ததும் கதை மாறியது. 640×480 படம் சுருக்காமல் 6,14,400 பைட், சிப்பின் உள் மெமரியைவிடப் பெரியது. பிஎஸ்ராமில் வைக்கலாம், ஆனால் அதைக் காற்றில் அனுப்பி மாளாது. நல்லவேளை, ஓவி2640 தானே ஜேபெக்காகச் சுருக்கித் தரும். அப்படி வாங்கி உலாவிக்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் வீடியோ போலவே ஓடுகிறது. வைஃபையின் மின்சேமிப்பை அணைத்ததும் திக்கல் வெகுவாகக் குறைந்தது. இந்த சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், போனின் ஹாட்ஸ்பாட் 5-இல் இருந்தால் கண்ணிலேயே படாது. மெல்லிய யுஎஸ்பி கேபிளையும் ஒதுக்கி வையுங்கள். வைஃபை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் தாவும், வோல்டேஜ் சரிந்து போர்டு தானாக ரீசெட் ஆகும், நாம் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்போம்.

இனி இரண்டும் சேர வேண்டும். உலாவிக்கு ஜேபெக் வேண்டும், திரைக்குப் பிக்சல் வேண்டும், கேமராவோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தரும். பிக்சலாக வாங்கிப் போர்டில் சுருக்குவது ஒரு வழி. அதைவிட, ஜேபெக்காகவே வாங்கி உலாவிக்கு அப்படியே அனுப்பி, திரைக்கு மட்டும் விரிப்பது எனக்குப் பிடித்தது. டிஜேபெக்டெக் என்ற சின்ன லைப்ரரி விரிக்கும்போதே படத்தைப் பாதி அளவாக்கித் தரும். 640×480-இல் பாதி 320×240, நம் திரை அளவேதான்! சின்னச் சின்னக் கட்டங்களாக விரித்துத் தருவதால் முழுப் படத்துக்கு மெமரி ஒதுக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும்: விரித்த பிக்சலில் பைட் வரிசை தலைகீழ், மாற்றாவிட்டால் முகம் பச்சையும் ஊதாவுமாகத் தெரியும்.

வைஃபை ஒரு கோரில், விரிக்கும் வேலை இன்னொரு கோரில். கேமராவுக்கு இரண்டு பஃபர் (படத்தை வைக்க மெமரியில் இடம்) கொடுத்து, பழைய பிரேமை விட்டுவிட்டுப் புதியதையே எடுக்கச் சொன்னேன். இப்போது திரையில் நொடிக்கு எட்டு, ஒன்பது பிரேம் ஓடுகிறது. உலாவியில் அதைவிடக் கூடுதல். கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க இது போதும்.

அடுத்து தொடுதிரை. கம்பி மாட்டும் பின்களுக்குத்தான் போர்டில் பஞ்சம்: கேமராவின் தரவுக்கே எட்டுக் கம்பி போகிறது, 35, 36, 37 எண் பின்கள் மூன்றையும் இந்த போர்டின் பிஎஸ்ராம் எடுத்துக்கொண்டது. தொடு சிப்பைத் திரையின் எஸ்பிஐ கம்பிகளிலேயே மாட்டி, எந்தச் சிப்போடு பேச்சு என்று காட்டும் தேர்வுக் கம்பியை மட்டும் தனியாக இழுக்கப் போகிறேன். தொடு சிப்புக்கு 40 மெகாஹெர்ட்ஸ் ஆகாது, ஒவ்வொரு முறை தொடுதலைப் படிக்கும்போதும் வேகத்தை 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, பிறகு ஏற்ற வேண்டும்.