ஒவ்வொரு ஆசிரியரிடமும் அந்தப் பிள்ளையே சொல்ல வேண்டுமா?

தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்புக்குப் பெரும்பாலும் ஓர் ஆசிரியர்தான். ஒரு பிள்ளைக்கு இடது காது கேட்காது என்றால் கொஞ்ச நாளிலேயே அது அவருக்குப் பழகிப்போகும். தன்னையறியாமலே வலப்பக்கம் போய் நின்று பேசுவார். உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பழக்கம் யாருக்கும் வாய்ப்பதில்லை. கணிதத்துக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர், மொழிப்பாடங்களுக்கு வேறு வேறு பேர், விளையாட்டுக்கு இன்னொருவர். மணி அடித்தால் ஆள் மாறுகிறார். புதிதாக வந்தவரிடம் "எனக்கு இந்தப் பக்கம் கேட்காது" என்று அந்தப் பிள்ளை எழுந்து சொல்ல வேண்டும். அவர் விடுப்பில் போய் வேறொருவர் வந்தால் மறுபடியும் சொல்ல வேண்டும். அதுவும் பதின்மூன்று, பதினான்கு வயதில், வகுப்பே திரும்பிப் பார்க்க.

நான் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்துகிறேன். மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களைப் பொதுப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைப்பது பற்றிப் பேச்சு எழுந்தாலே சாய்தளம், லிஃப்ட், கருவிகள் என்றுதான் அது போகிறது. அவையெல்லாம் வேண்டும், உடனே வேண்டும். ஆனால் கட்டடம் கட்டி முடித்த பிறகும் தீராத ஒரு களைப்பு இந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது. தன்னைப் பற்றி ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டே இருக்கும் களைப்பு அது. ஒரு கட்டத்தில் விளக்குவதையே விட்டுவிடுகிறார்கள். "இவனுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லையே, எதுவும் கேட்பதே இல்லையே" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் எனக்கு அச்சம்தான் வருகிறது.

ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அதன் 24ஆம் உறுப்பு கல்வியைப் பற்றியது. அதைவிட நான் அதிகம் எடுத்துக் காட்டுவது 2ஆம் உறுப்பைத்தான். ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று அது சொல்கிறது. திட்டுவதும் விரட்டுவதும் மட்டும்தான் பாகுபாடு என்று நினைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கும். செய்யாமல் சும்மா இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

என் பாடத்திலிருந்தே சொல்கிறேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே "இதிலிருந்து இதைக் கழித்தால் இது வரும்" என்று சொல்வது கணித ஆசிரியர்களுக்கு ஊறிப்போன பழக்கம். பார்வையற்ற மாணவிக்கு அதில் கிடைப்பது 'இது' மட்டும்தான். சரி, எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் போதுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "ஒன்று பை எக்ஸ் கூட்டல் இரண்டு" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றை எக்ஸால் வகுத்து, வந்த விடையோடு இரண்டைக் கூட்டுவதா? எக்ஸோடு இரண்டைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் ஒன்றை வகுப்பதா? எக்ஸின் மதிப்பு 2 என்றால் முதலாவதற்கு விடை இரண்டரை, மற்றதற்குக் கால். பலகையைப் பார்க்கிறவர்களுக்குக் கோட்டின் நீளம் பதில் சொல்லிவிடும். கேட்டு மட்டுமே படிக்கிறவளுக்கு யார் சொல்வார்கள்?

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஆபிரகாம் நெமத். பிறவியிலேயே பார்வையற்றவர். கணிதம் உனக்குச் சரிவராது என்று சொல்லி, இளமையில் அவரை உளவியல் பக்கம் திருப்பிவிட்டார்கள். அவரோ பிறகு கணிதத்துக்கே திரும்பிப் பேராசிரியரானார். 1952இல் வெளிவந்த அவருடைய பிரெய்லிக் கணிதக் குறியீட்டில் பின்னம் தொடங்கும் இடத்துக்கு ஒரு குறி, முடியும் இடத்துக்கு ஒரு குறி உண்டு. கணிதத்தை வாயால் குழப்பமில்லாமல் சொல்வதற்கும் அதே வழியில் ஒரு முறையை வகுத்தார். அதை ஒட்டித்தான் நானும் சொல்கிறேன்: "பின்னம் தொடக்கம், மேலே ஒன்று, கீழே எக்ஸ் கூட்டல் இரண்டு, பின்னம் முடிவு." முதலில் நாக்கு தடுமாறும், விரைவில் பழகிவிடும். பார்வையுள்ள பிள்ளைகளும் வீட்டுப்பாடத்தில் அடைப்புக்குறியை மறக்காமல் போடத் தொடங்கியதைப் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் எதற்கு என்று கேட்பவர்கள், பிரெய்லிச் சட்டகத்தில் ஒரு சமன்பாடு எழுதப்படுவதை அருகில் உட்கார்ந்து ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும். சட்டகத்துக்குள் தாளைப் பொருத்தி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். புள்ளிகள் தாளின் மறுபக்கத்தில் புடைக்கும். முந்தைய வரியில் மூன்றுக்கு முன்னால் இருந்தது கூட்டலா கழித்தலா என்று ஐயம் வந்தால், நாம் கண்ணை உயர்த்திப் பார்த்துவிடுவோம். அவள் சட்டகத்தைத் திறந்து, தாளைத் திருப்பி, விரலால் தடவி வாசித்து, மறுபடி அதே இடத்தில் பொருத்தி, விட்ட கட்டத்தைத் தேடிப்பிடித்துத் தொடர வேண்டும். ஐந்து வரிக் கணக்கில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

காது கேளாத பிள்ளைகள் விஷயத்தில், முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'படம்' என்றும் 'மடம்' என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். ககரமும் ஙகரமும் தொண்டையருகே பிறப்பவை. உதட்டில் தெரிவதே இல்லை. ஆக, அந்தப் பிள்ளை பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிறது. நாம் பலகைப் பக்கம் திரும்பினால் அந்தப் பாதியும் போய்விடும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்கும் வகுப்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு. வரைபடத்தையும் மொழிபெயர்ப்பாளரின் கைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க யாராலும் முடியாது. படத்தைக் காட்டிவிட்டுச் சற்று வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எங்களில் பலருக்கு அதுதான் கடினம்.

ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய மைக் ஒன்று உண்டு. குரல் அதிலிருந்து வானொலி அலையாக நேரே பிள்ளையின் காதுக் கருவிக்குப் போகும். நாற்காலி இழுபடும் சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாவற்றையும் தாண்டித் தெளிவாகக் கேட்கும். அருமையான கருவி. ஆனால் அது ஒன்றுதான், ஆசிரியர்களோ பலர். பாடம் முடிந்ததும் ஆசிரியர் மைக்கைக் கழற்ற மறந்து போய்விடுவார். அடுத்த பாடம் தொடங்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை அதைத் தேடி ஆசிரியர் அறைக்கு ஓடும். அணைக்காமல் போயிருந்தால் அங்கே பேசுவதும் அதன் காதில் விழும். ஒரு மாணவன்தான் இதற்கு வழி சொன்னான்: "கதவோரம் ஓர் ஆணி அடித்து வையுங்கள் டீச்சர். உள்ளே வருபவர் எடுத்துக்கொள்ளட்டும், போகும்போது மாட்டிவிட்டுப் போகட்டும்." அதோடு அந்த ஓட்டம் நின்றது. கருவி கொடுத்ததற்குக் கோப்பில் கையெழுத்து வாங்கியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை.

உரியவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சான்றே இருக்கிறது. 1880இல் மிலானில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, பேச்சு வழிக் கல்வியே உயர்ந்தது, சைகை மொழி வகுப்பில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். அதன் பின் தலைமுறை தலைமுறையாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி ஒதுக்கப்பட்டது. அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க, அதே மாநாட்டு வரிசையில் வான்கூவரில் நடந்த 2010ஆம் ஆண்டுக் கூட்டம் வர வேண்டியிருந்தது. இடையில் போன காலம் நூற்று முப்பது ஆண்டுகள்.

வயதும் ஒரு பெரிய காரணம். ஒன்பது வயதில் உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளைக்குப் பெருமை. பதினான்கில் அதே உதவியாளர் நட்புக்குக் குறுக்கே நிற்கும் சுவர். பெரியவர் ஒருவர் காதுக்கெட்டிய தூரத்தில் இருந்தால் எந்தப் பையன் தன் ரகசியத்தை இவனிடம் சொல்வான்? அந்த வயதில் பிள்ளைகள் உதவியைத் தட்டிவிட்டால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எது எல்லோர் கண்ணிலும் படாமல் நடக்குமோ அதை அவர்கள் ஏற்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் மாணவன் ஒருவன், டிஸ்லெக்சியா உள்ளவன், என்னிடம் எழுதிக் கொடுத்த வரி இது: "வாசிக்கச் சொல்வதென்றால் முந்தின நாளே பத்தியைக் காட்டிவிடுங்கள். நான் வாசிக்கிறேன்." அவன் விலக்குக் கேட்கவே இல்லை.

கழிப்பறையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஆனால் எழுதாமல் விடவும் முடியாது. சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை இல்லாத பள்ளியில் ஒரு பெண்பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். மதியத்துக்கு மேல் அவளுக்குத் தலை வலிக்கும். "பிற்பகல் வகுப்பில் கவனம் குறைவு" என்று குறிப்பேட்டில் எழுதுவோம். மாடியிலிருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கால அட்டவணையில் இரண்டு பெயர்களை இடம் மாற்றினால் போதும் என்ற நிலையிலும், "ஆய்வகம் மேலேதானே இருக்கிறது" என்று பேசிக்கொண்டே ஆண்டைக் கழிக்கும் நிர்வாகங்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

நாங்கள் இப்போது செய்வது எளிய ஏற்பாடு. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தாள். நோயின் பெயர், மருத்துவ அறிக்கை எதுவும் அதில் கிடையாது. அவை பூட்டிய கோப்பில் இருக்கட்டும். வகுப்பில் எங்கே உட்கார வேண்டும், பலகையில் எழுதியதை எப்படிக் கொடுக்க வேண்டும், எதைத் திடீரென்று செய்யக் கூடாது, உதவி தேவைப்பட்டால் என்ன சைகை காட்டுவான் என்பவை மட்டும். பிள்ளையோடு உட்கார்ந்துதான் எழுதுவோம்; அவன் வேண்டாம் என்று சொல்லும் வரியை எடுத்துவிடுவோம். பள்ளி தொடங்கும் முன்பே அது எல்லாப் பாட ஆசிரியர்கள் கையிலும் இருக்கும். விளையாட்டு ஆசிரியர், ஆய்வக உதவியாளர், நூலகர் ஆகியோரையும் மறப்பதில்லை. ஒரு பிரதி, விடுப்பில் போனவருக்குப் பதிலாக வருபவருக்கென்று வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையிடம் திரும்பக் கேட்போம், ஏனென்றால் பிள்ளை வளர்கிறது.

வேதியியல் ஆசிரியர் ஒருவர் இந்தத் தாளால்தான் ஒரு மாணவனின் நிறக்குருட்டைப் பற்றித் தெரிந்துகொண்டார். சிவப்பும் பச்சையும் பிரித்தறியத் தெரியாத பையன், சுடர்ச் சோதனையில் நிறத்தைக் கேட்டால் என்ன செய்வான்? பக்கத்து மாணவனின் வாயைப் பார்ப்பான். இப்போது இருவரும் சேர்ந்து செய்கிறார்கள். ஒருவன் நிறத்தைச் சொல்ல, இவன் அது எந்த உலோகம் என்று சொல்கிறான். மதிப்பெண் வேதியியலுக்கு.

"மற்றப் பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?" என்ற கேள்வி எல்லா ஆசிரியர் கூட்டத்திலும் வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தேர்வில் நாம் அளப்பது எதை? இருபடிச் சமன்பாடு தெரியுமா என்பதையா, கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையா? வேகமே பாடமாக இருக்கும் இடத்தில், தட்டச்சுத் தேர்வு போன்றவற்றில், பேச்சு வேறு. அங்கே வேறு விதமாக யோசிக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளித் தேர்வுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல.

தேர்வு என்றதும், சொல்வதை எழுதுபவர் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் யாரும் இல்லாமல், பொதுத் தேர்வன்று காலையில் முன்பின் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை கணக்கைப் போடுமா, அவருக்குக் கணிதம் எழுதக் கற்றுக்கொடுக்குமா? 'வர்க்கமூலத்துக்குள்' என்று சொன்னால் குறியை எதுவரை இழுக்க வேண்டும் என்பது இருவருக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டும். அது சேர்ந்து பழகினால்தான் வரும். ஆகவே முதல் மாதத்துச் சிறு தேர்விலிருந்தே சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் இருக்க வேண்டும். பள்ளித் தேர்வுகளிலாவது அதே ஆள் தொடர்ந்து வரட்டும். வெளித் தேர்வுக்குப் புதியவர் வருவார் என்பது விதியானால், இருவரும் முன்கூட்டியே சந்தித்து ஒரு பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டு இப்போதே எழுதிவிடுங்கள். யார் எழுதுவார், அவர் வராவிட்டால் யார் என்ற இரண்டு பெயர்களையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.